மக்காச்சோளத்துக்கு இன்றைய தண்ணீர்

ஐஸ் பெட்டியின் வயரை எந்தப் பிளக்கில் செருகினாலும் விளக்கு எரியாமல், சித்தப்பா வீரமணி சுவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து செல்வி அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"சித்தப்பா, மக்காச்சோளத்துக்கு இன்னிக்குத் தண்ணி வுட்டாவணும்."

வீரமணி திரும்பிப் பார்த்தார். பெட்டிக்குள் அவருடைய அண்ணன் தெய்வசிகாமணி, தாடையைச் சுற்றிக் கட்டிய வெள்ளைத் துணியோடு, பல்வலிக்கு லீவு போட்டவர் மாதிரி படுத்திருந்தார். பெட்டிக்கு வெளியே அவருடைய ஒரே மகள், கோயம்புத்தூரிலிருந்து விடிய விடிய பஸ்ஸில் வந்தவள், அழாமல் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அதெல்லாம் பாத்துக்கலாம். நீ போயி அப்பாகிட்ட குந்து மா."

"கதிரு நுனில பட்டு நூலு வுடுற நேரம் சித்தப்பா. இப்ப காய்ஞ்சா கதிர்ல பாதி மணி புடிக்காது. இந்த வாரம் த்ரீ பேஸ் பகல்லதான வருது? யாரையாவது அனுப்பி மோட்டார மட்டும் போடச் சொல்லுங்க."

"ஆளு சொல்லிக்கிறேன் மா."

"யாரு?"

வீரமணிக்குத் திடீரென்று வயர் முக்கியமாகிவிட்டது.

பாடை கட்ட மூங்கில் பிளந்துகொண்டிருந்த ஒருவர், "படிச்ச புள்ள, துக்கம் தலைக்கேறிக்கிச்சு" என்றார். பக்கத்திலிருந்தவர், "அழுதா எறங்கிடும்" என்று மருந்தும் சொன்னார்.

செல்வியின் வேலையே அதுதான். சொட்டுநீர்க் குழாய் விற்கும் ஒரு கம்பெனியில், எந்தப் பயிர் எந்த வயதில் எவ்வளவு குடிக்கும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பாள். வெயில், காற்று, மண், பயிரின் வயது எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டால், எந்த ஊர்த் தக்காளிக்கும் அன்றைய தாகத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவாள்.

அப்பாவுக்கும் அப்படித்தான். காலையில் அவள் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அவரிடமிருந்து போன் வந்துவிடும். அம்மா போனபின் வந்த பழக்கம் அது.

"இன்னிக்கு எவ்ளோ நேரம் மா வுடணும்?"

"மண்ணு எப்பிடி இருக்குதுப்பா? கையில புடிச்சா உருண்ட வருதா?"

"வருது, வருது. ஒடையுது."

"அப்ப இன்னிக்கு வாணாம். நாளைக்குப் பாக்கலாம்."

"வெள்ளிமல பக்கம் வேற கருத்துக்கினு இருக்குது. மழ வந்தா இன்னா பண்றது?"

"வந்தா கழிச்சிக்கலாம்ப்பா."

கழிப்பதும் கூட்டுவதுமாகப் பேச்சு நீளும். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்றெல்லாம் அவருக்குக் கேட்கத் தெரியாது, அவளுக்கும் வராது. மக்காச்சோளம் முளைத்தது, முழங்கால் தொட்டது, குருத்தில் புழு விழுந்தது, மருந்தடித்ததும் நின்றது என்று பயிரைப் பற்றி எல்லாம் சொல்வார். போட்டோ எடுத்து அனுப்ப அவரிடம் இருந்தது பட்டன் போன். பொங்கலுக்கு வந்தபோது மக்காச்சோளக் கொல்லையைப் பார்க்கலாம் என்று கிளம்பினாள். "தண்ணி வுட்டு வச்சிருக்கேன், ஒரே சேறு மா" என்று தடுத்துவிட்டார். அவளுக்கும் டிவியில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

நேற்றுக் காலையில், "பட்டு வந்துட்டுது மா" என்றார்.

"அப்ப நாளைக்கு மறக்காம வுட்டுடுங்கப்பா. ஜாஸ்தியா வேண்டியது இப்பதான்."

"சரி மா."

அவர்கள் கடைசியாகப் பேசியது இதுதான். அதனால் எழவு வீட்டில் எல்லோரும் மாலைக்கும் மேளத்துக்கும் ஆள் அனுப்பியபோது, அவளுக்கு மட்டும் மோட்டார் போட ஒரு ஆள் வேண்டியிருந்தது.

கேட்ட ஒவ்வொருவரும் சரி என்றார்கள்; ஒருவரும் எழுந்திருக்கவில்லை. சென்னையிலிருந்து அத்தை வந்து சேரும்வரை எப்படியும் பாடை நகராது. கரண்டோ வந்துவிட்டது. தெருமுனை மாவுமில்லில் பெல்ட் சுற்றும் சத்தம் கேட்டது. செல்வி செருப்பைத் தேடினாள். வாசலில் கிடந்த செருப்புக் குவியலில் அவளுடையது அடியில் எங்கோ போயிருந்தது. வெறுங்காலோடு நடந்தாள். "எங்க மா?" என்ற சித்தப்பாவின் குரல் கொஞ்ச தூரம் கூடவே வந்து நின்றுவிட்டது.

ஏரிக்கரை இறங்கி, கரும்புக் கொல்லை தாண்டினால் மோட்டார் கொட்டகை. அதுவரை வேகமாகப் போனவள் அங்கே நின்றாள்.

மக்காச்சோளம் இருந்தது. தளதளவென்று, பட்டு விட்டு, ஆள் உயரத்தில். ஆனால் அது வரப்புக்கு அந்தப் பக்கம் அடுத்தவர் கொல்லையில் இருந்தது. இந்தப் பக்கம் அப்பாவின் கொல்லை, ஏர் பட்டு வெகுநாளான கட்டாந்தரை. காய்ந்த புல்லுக்கு நடுவே ஆடுகள். ஆடுகளுக்கு நடுவே அவற்றை மேய்க்கும் செல்லியம்மாள், செல்வியைக் கண்டதும் கோலைக் கீழே போட்டாள்.

"யாரு, தெய்வசிகாமணி பொண்ணா? ஐயோ, இங்க இன்னாத்துக்கு மா வந்த?"

"இங்க... பயிரு?"

"பயிரா? உங்கம்மா போனதுக்கப்பறம் அவுரு எங்க ஏரு ஓட்டுனாரு? முட்டி மடங்குல, ஆளும் கெடைக்கல. காலைல வருவாரு. தோ, அந்தக் கொட்டாப் படில குந்திக்கினு, அந்தாண்ட சோளத்தப் பாத்துக்கினே போன் பேசுவாரு. ஆடு கத்துனா எனக்குத்தான் ஏச்சு. 'ஏ செல்லி, அப்பால ஓட்டு. எம் பொண்ணு கணக்கு சொல்லிக்கினு இருக்குது.'"

செல்வி படியைப் பார்த்தாள். ஒருவர் மட்டும் உட்காரும் அகலத்துக்கு அது தேய்ந்து வழவழத்திருந்தது. தரையைக் குனிந்து தொட்டாள். ஒரு பிடி அள்ளி மூடினாள். உருண்டை வரவில்லை. விரலிடுக்கில் ஒழுகிப் போனது.

"ஒரு வா தண்ணி குடிக்கிறியா மா?" என்றாள் செல்லியம்மாள்.

"வாணாம்" என்றாள் செல்வி.

திரும்பி வந்தபோது மேளம் தொடங்கியிருந்தது. தெருமுனையிலேயே சித்தப்பா நின்றிருந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"இன்னா மா... தண்ணி வுட்டியா?"

பாடை வேலை முடித்த ஆட்கள் பீடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு பார்த்தார்கள். ஊரே அந்தப் பதிலுக்குக் காத்திருந்த மாதிரி இருந்தது.

"வுட்டுட்டேன் சித்தப்பா. கடைசிப் பாத்தி வரைக்கும் பாஞ்சிட்டுது."

"பயிரு எப்பிடி?"

"நல்லாருக்குது. ஆள் ஒயரம்."

"அப்பிடித்தான் சொல்லிக்கினு இருந்தாரு" என்றார் வீரமணி. பிறகு மேளக்காரர்களிடம் ஏதோ கேட்பதற்காக அவசரமாகப் போனார்.

செல்வி உள்ளே போய்ப் பெட்டியின் தலைமாட்டில் பெண்களோடு உட்கார்ந்து காலை நீட்டினாள். பக்கத்தில் இருந்த சித்தி கமலா, ஒப்பாரியின் நடுவே அந்தப் பாதங்களைப் பார்த்தாள். ஒரு பொட்டுச் சேறு இல்லை. கணுக்கால் வரை வெள்ளைப் புழுதி. குதிகாலில் ஒரு நெருஞ்சி முள். கமலா பாட்டை நிறுத்தாமலேயே முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மற்றவர்கள் கண்ணில் படாமல் தன் முந்தானையை இழுத்து அந்தக் கால்களின் மேல் போர்த்தினாள்.