பஸ்ஸைக் காப்பாற்ற வந்தவர்கள்

எங்கள் கம்பெனியின் பெயரை இங்கே சொல்ல மாட்டேன். சொன்னால் மேனேஜருக்குக் கோபம் வரும். அவருக்குக் கோபம் வந்தால் யாராவது ஒருவருடைய லைன் போய்விடும். ஏற்கெனவே ஒவ்வொன்றாக வெட்டி, கடைசியில் என்னுடையது மட்டும்தான் உருப்படியாக ஓடிக்கொண்டிருந்தது. ஜெட்டிப் படகுத்துறையில் புறப்பட்டு, சுங்கை பினாங் ஃப்ளாட் வாசலில் ஆள் ஏற்றி, ஸ்காட்லாந்து சாலை வழியாகத் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போகிற லைன்.

நான் இராயப்பன், அந்த பஸ்ஸின் டிரைவர். குடியிருப்பதும் அதே அடுக்குமாடி ஃப்ளாட்டில்தான். காலை டிரைவர் பத்தே முக்காலுக்கு பஸ்ஸை வாசலிலேயே கொண்டுவந்து என் கையில் கொடுப்பார். லிஃப்டில் இறங்கினால் வேலை. இந்த வசதி மந்திரிக்குக்கூடக் கிடையாது என்று என் மனைவி ரோசம்மா சொல்லிச் சொல்லியே கண் வைத்துவிட்டாள்.

ஒரு நாள் மேனேஜர் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை பத்தே முக்கால் டிரிப்பில் ஆள் கணக்கெடுக்க ஹெட் ஆபீசிலிருந்து ஒரு பெண் வருகிறாளாம். கூட்டம் இருந்தால் லைன் இருக்கும், இல்லாவிட்டால் லைனும் போகும், நானும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சொல்லிவிட்டு, நிம்மதியாகத் தேநீர் குடித்தார். இந்த வயதில் எனக்கு யார் வேறு பஸ் கொடுப்பார்கள்?

கூட்டம் ஏன் இல்லை என்பதற்குக் காரணம் என் எதிர் வீட்டிலேயே இருந்தது. பெயர் புவனேஸ்வரன். பழைய வேன் ஒன்றை வாங்கி, பெர்மிட் கிர்மிட் எதுவும் இல்லாமல் சாப்பு, அதாவது திருட்டு டாக்சி, ஓட்டுகிறான். அதே வழி, அதே கோவில். ஆனால் அவன் வேனில் ஏர்கோன் குளிரும், பாட்டு ஓடும், பாசாரில் வாங்கிய காய்கறிப் பையை லிஃப்ட் வரைக்கும் தூக்கிக்கொண்டு வருவான். என் பஸ்ஸிலும் ஏர்கோன் உண்டு. என்ன, மூன்றாவது சீட்டில் உட்காருகிறவர் குடை பிடிக்க வேண்டும்.

ஃப்ளாட்டுக்காரர்கள் நல்லவர்கள். தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்துசேரும் முறுக்கு கிறிஸ்துமஸ் வரைக்கும் தாங்கும். என்னைப் பார்த்தால் பாசமாக விசாரிப்பார்கள், விசாரித்துக்கொண்டே புவனேஸ்வரன் வேனில் ஏறிவிடுவார்கள். பாசம் பஸ்ஸுக்கு, தலைக்கு இரண்டு வெள்ளிக் காசு வேனுக்கு.

விஷயத்தை ரோசம்மா நவமணி அக்காவிடம் சொன்னாள். இரண்டாவது மாடி நவமணி அக்காவிடம் ஒன்றைச் சொன்னால் மொத்த ஃப்ளாட்டுக்கும் சொன்ன மாதிரி. அன்று மாலையே 'பஸ்ஸைக் காப்போம்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு முளைத்தது. குழுவில் முதல் ஆளாகக் கும்பிடு படம் போட்டவன் புவனேஸ்வரன்.

"நீ எங்கடா இதுல?" என்று கேட்டேன்.

"என்னண்ணே இப்படிச் சொல்றீங்க? தொழில் வேற, பழக்கம் வேறலா. உங்க பஸ் நின்னா எனக்கும் மனசு கஷ்டமா இருக்கும்" என்றான். உண்மையாகவே சொன்னான் என்பதுதான் எனக்கு எரிச்சல்.

நவமணி அக்கா திட்டம் போட்டார். வெள்ளிக்கிழமை எல்லாரும் கோவிலுக்குப் போகிறோம், வேனில் இல்லை, தம்பி பஸ்ஸில். எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கினார்கள். மறுநாள் காலையில்தான் யாரோ காலண்டரைப் பார்த்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரை முதல் பன்னிரண்டு. பத்தே முக்கால் டிரிப் அதன் வாய்க்குள்ளேயே போய் நிற்கிறது. வெள்ளிக்கிழமையில் அந்த டிரிப் ஏன் எப்போதும் காற்று வாங்குகிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. நான் மாதா கோவிலுக்குப் போகிறவன். ராகு எங்கே இருக்கிறார், எந்தப் பக்கம் போகிறார் என்று எனக்கு என்ன தெரியும்?

நேரத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளச் சொல்லி மேனேஜரிடம் கேட்டேன். ராகுகாலத்தை மலாயில் விளக்க முயன்று பாதியில் நிறுத்திக்கொண்டேன். அவர் என்னை ஒரு வாரம் லீவு எடுக்கச் சொன்னார்.

நவமணி அக்கா அசரவில்லை.

"வீட்ட விட்டு இறங்குறதுதான் தம்பி பயணம். பத்தேகாலுக்கே எல்லாரும் இறங்கி பஸ் ஸ்டாப்புல உக்காந்துடுறோம். அப்புறம் பஸ் எத்தன மணிக்கு வந்தா என்ன?"

எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஃப்ளாட் என்றால் இதுதான் ஃப்ளாட் என்று ரோசம்மாவிடம் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை நானே சீக்கிரம் போய், பஸ்ஸை எடுத்து, ஜெட்டி ஆபீசில் அந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டேன். நூர் ஃபாத்திஹா என்று பெயர். சின்ன வயது, மரியாதையான பிள்ளை. முன் சீட்டில் டேப்லட்டோடு உட்கார்ந்து, யார் ஏறினாலும் ஒரு தட்டு தட்டினாள். ஊருக்குள் ஏறியது ஒரே ஒரு வெள்ளைக்காரர். அவரும் வழி கேட்டுவிட்டு இறங்கிவிட்டார். அவரை எழுதலாமா என்று அவள் கேட்டாள். எழுதச் சொன்னேன்.

"கவலப்படாதம்மா, என் ஃப்ளாட் வரட்டும், அப்புறம் பாரு" என்று மலாயில் பெருமையடித்தேன். அவசரத்தில் வேறு கொஞ்சம் வேகமாகவே வந்துவிட்டேன். ஃப்ளாட் சந்தில் திரும்பும்போது பத்தரைக்கு இன்னும் சில நிமிடம் இருந்தது.

எதிரே புவனேஸ்வரன் வேன் வந்தது.

வேன் அல்ல, அது ஒரு கல்யாண மண்டபம். ஜன்னல் முழுக்கத் தலை. மல்லிகைப்பூ, பால்குடம், தேங்காய்ப் பை. நடுவே நவமணி அக்கா. முன் சீட்டில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, என் சொந்த மனைவி ரோசம்மா. எல்லாரும் என்னைப் பார்த்து ஆசையாகக் கையசைத்தார்கள். புவனேஸ்வரன் ஹார்ன் அடித்து வணக்கம் வைத்தான்.

பஸ் ஸ்டாப்பில் ஒரு பூனை படுத்திருந்தது. பத்தே முக்கால் வரைக்கும் காத்திருந்தோம். பூனையும் ஏறவில்லை. ஃபாத்திஹா என் முகத்தைப் பார்க்காமல் டேப்லட்டில் ஒரு பூஜ்யத்தைத் தட்டினாள். அழுதுவிடக் கூடாது என்று கியரை மாற்றிக்கொண்டே இருந்தேன். பஸ் நின்றுகொண்டுதான் இருந்தது.

பிறகு கிளம்பினோம். ஸ்காட்லாந்து சாலையில் வீடு கிடையாது, கடை கிடையாது. ரெண்டு பக்கமும் பெரிய பெரிய மழைமரங்கள், மரத்தில் குரங்குகள். அங்கே யாரும் பஸ் ஏறி நான் பார்த்ததில்லை. அன்றைக்கு ஒரு மரத்தடியில் புவனேஸ்வரன் வேன் முன்மூடியைத் திறந்துபோட்டு ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அத்தனை பேரை ஏற்றினால் எந்த ரேடியேட்டர் தாங்கும்? மொத்த ஃப்ளாட்டும் சாலையோரம் நின்று, தேங்காய்ப் பையைக் குரங்கிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தது.

பஸ்ஸை நிறுத்திக் கதவைத் திறந்தேன். நவமணி அக்கா முதலில் ஏறினார்.

"தப்பா நெனச்சுக்காத தம்பி. ஸ்டாப்புல உக்காந்தா அது பயணமா, இல்ல இன்னும் வாசப்படியில நிக்கிறதான்னு ஒரு சந்தேகம் வந்துருச்சு. இவன் வேற பத்தரைக்குள்ள எடுத்துடறேன்னான்."

"இப்ப மட்டும் ராகுகாலம் இல்லியா?"

"பயணம் எப்பவோ தொடங்கிருச்சு. இது நடுவுல வண்டி மாத்துறதுலா" என்றார் அக்கா.

ரோசம்மா ஏறினாள். "ஒனக்கு ஏது ராகுகாலம்?" என்று பல்லைக் கடித்தேன்.

"எனக்கு இல்லங்க. எல்லாரும் போறாங்க, நான் மட்டும் எப்படி நிக்கிறது? ஏர்கோன் வேற" என்று சொல்லிவிட்டு, மூன்றாவது சீட்டைத் தாண்டிப் போய் உட்கார்ந்தாள்.

கடைசியில் புவனேஸ்வரனும் ஏறி டிக்கெட் கேட்டான்.

ஃபாத்திஹாவின் விரல் நிற்கவே இல்லை. தட்டு, தட்டு, தட்டு. என் கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. பஸ்ஸில் நிற்க இடமில்லாமல் ஆள் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று! என் லைன் பிழைத்துவிட்டது. அவள் முகமெல்லாம் சிரிப்பாக, "அங்கிள், இந்த இடத்தில் தினமும் இவ்வளவு பேர் ஏறுவார்களா?" என்று கேட்டாள்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். வேன் பக்கத்திலேயே புகைந்துகொண்டு நின்றது. ஆனால் சந்தோஷம் வந்தால் எனக்கு நாக்கில் பிரேக் கிடையாது.

"ஹாரி ஹாரி!" என்றேன். தினமும், தினமும்.

"ஹாரி ஹாரி!" என்று நவமணி அக்கா பின்னாலிருந்து கத்தினார். மொத்த பஸ்ஸும் ஹாரி ஹாரி என்றது. புவனேஸ்வரன் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னான். யாரோ அந்தப் பெண்ணுக்கு ஒரு பை முறுக்கு கொடுத்தார்கள்.

அடுத்த மாதம் முடிவு வந்தது. மேனேஜர் எழுந்து நின்று எனக்குக் கை கொடுத்தார். லைன் போகவில்லை. ஸ்காட்லாந்து சாலையில் தினமும் அலைமோதும் பயணிகளுக்காக, அந்த மழைமரத்தடியில் கூரை போட்ட புது நிறுத்தம் கட்டுகிறார்கள். ஆளே ஏறாத சுங்கை பினாங் ஃப்ளாட் நிறுத்தத்தை எடுத்துவிட்டார்கள். இனி பஸ் அந்தப் பக்கம் திரும்பாது, ஊருக்குள்ளிருந்து நேராக ஸ்காட்லாந்து சாலைக்கு வரும். காலை டிரைவர் எனக்கு பஸ்ஸை மாற்றிக் கொடுப்பதும் அங்கேதான்.

'பஸ்ஸைக் காப்போம்' குழுவில் இதைச் சொன்னேன். எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கினார்கள். பஸ் பிழைத்ததே, அது போதும் என்று நவமணி அக்கா எழுதினார்.

எங்கள் ஃப்ளாட்டிலிருந்து அந்த மரத்தடிக்குப் போக இப்போது ஒரே வழிதான் இருக்கிறது. புவனேஸ்வரன் புது ரேடியேட்டர் போட்டுவிட்டான். தினமும் முன் சீட்டை எனக்கென்று பிடித்துவைப்பான், அண்ணே என்று கதவைத் திறந்துவிடுவான், இரண்டு வெள்ளியை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொள்வான். வேலைக்கு நேரம் தவறாமல் போக முடிகிறது, குறை சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமைதான் தொல்லை. பத்தரைக்கு மேல் அவன் வேனை எடுக்க மாட்டான். அதனால் மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்க் காலண்டரை மாட்டி வைத்திருக்கிறேன். காலையில் ஜெபம் முடித்ததும் ராகுகாலம் பார்த்துவிட்டுத்தான் சட்டை போடுகிறேன்.