இடக்கையில் மருதோண்டி

நஜ்முன் நிஸாவிடம் நம்பிக்கைக்கு ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. அவளுடைய ஊரான கிண்ணியாவில் யாராவது ஒருத்தி, "தேனும் கருஞ்சீரகமும் குழைச்சுப் பூசினா எந்த வடுவும் பறந்திடும்" என்று சும்மா சொல்லிவிட்டுப் போனால் போதும், அடுத்த நாள் காலையில் அவளுடைய குசினியில் தேன் போத்தல் திறந்திருக்கும். கற்றாழை, தேங்காய் எண்ணெய், மாதுளம் தோல், கட்டாரில் சாரதியாக இருக்கும் புருஷன் ஹஸ்மி ஆள் பிடித்து அனுப்பும் கிரீம் என்று பதின்மூன்று வருடமாக அவள் எதையும் விட்டுவைக்கவில்லை. அத்தனையும் மகள் அசனாவின் இடக்கையில்தான் பூசப்பட்டது. வடு மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

அது கஞ்சி ஊற்றுண்ட வடு. அப்போது அசனாவுக்குப் பதினொரு வயது. நோன்பு மாதத்தில் ஒருநாள் பின்னேரம், பள்ளிவாசலில் இருந்து வந்த கஞ்சி ஆறிப்போயிற்றென்று நஜ்முன் நிஸா அதை மறுபடி அடுப்பில் ஏற்றிக் கொதிக்க வைத்தாள். பாங்கு சொல்ல ஐந்து நிமிடம்தான் இருந்தது. அவசரத்தில் பானையோடு திரும்பியவள், பின்னால் கோப்பையோடு நின்ற பிள்ளையைக் காணவில்லை. முழங்கையிலிருந்து விரல் வரைக்கும் வெந்துபோனது. ஆறு வாரம் ஆஸ்பத்திரி. புண் ஆறியது. ஆனால் தோல் தடித்து முறுகி, சின்ன விரலையும் மோதிர விரலையும் உள்ளே இழுத்துக்கொண்டது.

அந்தப் பதின்மூன்று வருடத்திலும் அசனா தாயைப் பார்த்து ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. அதுதான் நஜ்முன் நிஸாவை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. பிள்ளை ஏசியிருந்தால் அழலாம், மன்னிப்புக் கேட்கலாம். வாயே திறக்காத பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு தாய் என்னதான் செய்வாள்? அவள் எண்ணெய் பூசினாள்.

அசனா இப்போது கிண்ணியாவில் ஒரு பாமசியில் வேலை செய்கிறாள். வடு மறையும் கிரீம் கேட்டு வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுப்பதும் அவள்தான். பாருங்கள் விதியை! வாங்க வந்தவர்களின் கண் கிரீமை விட்டு அவள் கையில் போய் நிற்கும். "புள்ள, இது உண்மையிலயே வேல செய்யுமா?" என்பார்கள். "என்ட கையப் பாத்துட்டுமா கேக்குறீங்க?" என்று அவள் சிரிப்பாள். சிரித்தாலும், மருந்துப் போத்தலின் மூடியைத் திறக்க அந்தக் கையால் ஏலாது. வெயில் காலத்தில் அந்தத் தோலில் வியர்வை வராது, கடி எடுக்கும். சொறிந்தால் வெடிக்கும். இரண்டு விரலும் நிமிர்ந்தால் போதும் என்பதுதான் அவளுடைய ஆசை. வடிவெல்லாம் பிறகு.

பதின்மூன்றாவது வருடம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஆறு வாரம் இருக்கும்போது, நகரத்தில் ஓர்ஸ் ஹில்லில் தோல் வைத்தியம் பார்க்கிற டொக்டர் பிரசாந்தினி தாயையும் மகளையும் வரச் சொன்னார். கொழும்பில் ஒரு ஆராய்ச்சிக் குழு புதிய சிகிச்சை ஒன்றைச் செய்து பார்க்கப்போகிறதாம்.

"காதுக்குப் பின்னால நகமளவு தோல் எடுப்பம்," என்றார் டொக்டர். "அதில இருக்கிற உயிரணுக்களைப் பிரிச்சு, வடுவை இளக்கிப்போட்டு, அதுக்கு மேல தெளிப்பம். புதுத் தோல் வளர வாய்ப்பிருக்கு. முழுக்க மாறிடும் எண்டு நான் சொல்லமாட்டன். விரல் கொஞ்சம் இளகலாம். மொத்தம் பன்னிரண்டு பேர்தான். அசனாவின்ட பேரும் அதில இருக்கு."

"புதுத் தோல்" என்பதற்குப் பிறகு டொக்டர் சொன்ன எதுவும் நஜ்முன் நிஸாவின் காதில் ஏறவில்லை. அசனா மட்டும், "விரல் இளகுமா டொக்டர்?" என்று இரண்டு தரம் கேட்டாள்.

"பெருநாள் முடிஞ்சு நாலாம் நாள் வாங்கோ. கையைப் படமெடுத்து, தோலின்ட நிறத்தை மெசினால அளந்து, அண்டைக்குப் பின்னேரமே கொழும்புக்கு அனுப்பவேணும். ஒருநாள்கூடப் பிந்தேலாது. அதுவரைக்கும் கையில எண்ணெய், கிரீம், பவுடர், நாட்டு மருந்து ஒண்டும் பூசப்படாது. விளங்குதா அம்மா?"

"ஓம் டொக்டர், நல்லா விளங்குது," என்றாள் நஜ்முன் நிஸா.

விளங்கியதுதான். அவளைக் குறை சொல்ல ஏலாது. அன்றைக்கே வீட்டுக்கு வந்து, போத்தல் போத்தலாக இருந்த எண்ணெய்களை அலுமாரியில் வைத்துப் பூட்டித் திறப்பை மகளின் கையில் கொடுத்தாள். ஐந்து வாரத்துக்கும் மேலாக அவள் பட்ட பாடு அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். இரவுச் சாப்பாடு முடிந்ததும் கை தானாக எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடும். பக்கத்து வீட்டு றிஷானா ஏதோ கடற்பாசிச் சாறு நல்லதென்று சொல்ல வந்தபோது, "வாய மூடுடி!" என்று கேற்றோடேயே திருப்பி அனுப்பினாள். நஜ்முன் நிஸா ஒரு வைத்தியத்தை வேண்டாமென்று சொன்னதை ஊர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அறபா நோன்பு வந்தது. பெருநாளுக்கு முதல் நாள். அசனா நோன்போடு பாமசிக்குப் போய், பகலோடு வீட்டுக்கு வந்து, லுஹர் தொழுதுவிட்டுப் பாயில் சாய்ந்தாள். நஜ்முன் நிஸா முற்றத்து மரத்தில் பறித்த மருதோண்டி இலையை மையாக அரைத்து, தேசிக்காய்ப் புளி விட்டு எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வலக்கையை நீட்டிக் கொடுத்த அசனா, உள்ளங்கையில் முதல் வட்டம் முடிவதற்கிடையில் தூங்கிவிட்டாள்.

வலக்கை முடிந்தது. நஜ்முன் நிஸாவின் கை தன்பாட்டில் இடக்கையை எடுத்தது. கஞ்சி ஊற்றுண்டதற்கு அடுத்த வருடப் பெருநாளில், "இந்தக் கையோட நான் வெளிய வரமாட்டன்" என்று பிள்ளை கட்டிலுக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டபோது, முழங்கை தொடக்கம் விரல் வரைக்கும் அடர்த்தியாகக் கொடியும் பூவும் போட்டு வடுவை மூடியவள் அவள். பார்த்தவர்களெல்லாம், "ஆ, எவ்வளவு வடிவு!" என்றார்கள். பிள்ளை சிரித்தாள். அன்று முதல் ஒரு பெருநாளும் தவறவில்லை. எந்த முறுக்கில் இலை, எந்தப் பள்ளத்தில் பூ என்று அவளுக்கு மனப்பாடம். எண்ணெய் வேறு, கிரீம் வேறு, அதெல்லாம் மருந்து. மருதோண்டி மருந்தா என்ன? பெருநாளைக்கு உடுப்புப் போடுவது போல அதுவும் ஒன்று.

அஸர் பாங்கு கேட்டு அசனா கண் விழித்தாள். மருதோண்டி காய்ந்து உதிரத் தொடங்கியிருந்தது.

"வடிவா வந்திரிக்கி, பாரு மகள்," என்றாள் நஜ்முன் நிஸா.

அசனா இடக்கையைப் பார்த்தாள். "உம்மா, டொக்டர் என்ன பூசப்படாது எண்டு சொன்னவ?"

"எண்ணெய், கிரீம், பவுடர்..." என்று விரலை மடக்கிக்கொண்டு வந்தவள், மூன்றாம் விரலில் நின்றுவிட்டாள். யா அல்லாஹ்! பிள்ளையைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போய் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் தெளிவாக ஓடியது. சிவப்பு அங்கேயே இருந்தது, சில இடத்தில் கடும் சிவப்பாக, சில இடத்தில் வெளிறிய செம்மஞ்சளாக.

"அழிஞ்சிடும் மகள். நாலு நாள் இரிக்கிதானே. உம்மா அழிச்சுத் தாறன்."

அசனா துவாயால் கையைத் துடைத்துக்கொண்டு தொழப் போனாள்.

பெருநாளுக்கு வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள், வட்டிலப்பம் சாப்பிட்டார்கள், போனார்கள். நஜ்முன் நிஸா யாரோடும் சரியாகக் கதைக்கவில்லை. நேரம் கிடைத்த போதெல்லாம் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுடைய உள்ளங்கையிலும் அதே மருதோண்டிதான் இருந்தது. எதைப் போட்டால் அது போகும் என்று தன் கையில் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையின் கையைத் தொடுவதென்று இந்தத் தடவை உறுதியாக இருந்தாள். தேசிக்காயும் உப்பும் போட்டுத் தேய்த்தாள். பற்பசை பூசினாள். கல்லால் உரஞ்சினாள். மூன்றாம் நாள், துணி வெளுக்கிற குளோரின் தண்ணீரில் கையை ஊறவைத்தாள். மருதோண்டி மங்கியது உண்மைதான். தோலும் கூடவே உரிந்து வந்தது. அதற்குப் பிறகு அவள் மகளின் கைக்குக் கிட்டவே போகவில்லை.

நாலாம் நாள் காலையில் இருவரும் பஸ் ஏறி ஓர்ஸ் ஹில்லுக்குப் போனார்கள். அசனா நீளக் கைச் சட்டையை மடித்துவிட்டுக் கையை மேசையில் வைத்தாள். டொக்டர் பிரசாந்தினி விளக்கைக் கிட்ட இழுத்துப் பார்த்தார். பிறகு விளக்கை அணைத்தார். அதிலேயே விளங்கிவிட்டது.

"அசனா, இதை அளந்தா மருதோண்டியின்ட நிறத்தைத்தான் அளப்பன். இது முழுக்கப் போக ஒரு மாசமாவது எடுக்கும்."

"என்ட பிழை டொக்டர்," என்று நஜ்முன் நிஸா கதிரையை விட்டு எழும்பினாள். "புள்ள நித்திரை. அவக்குத் தெரியாது. நான்தான் போட்டன். கொழும்புக்கு நான் கதைக்கிறன், நம்பரைத் தாங்க."

"ஆரின்ட பிழை எண்டு அவங்கள் கேக்கமாட்டினம் அம்மா. இடத்தை அடுத்த ஆளுக்குக் குடுப்பினம். இது சரிவந்தா அடுத்த வருஷம் இன்னொரு பகுதி ஆக்களை எடுப்பினம். அசனாவின்ட பேரை முதலாவதாப் போட்டுவிடுறன். அது நடக்கும் எண்டு என்னால உறுதி சொல்ல ஏலாது." டொக்டரின் கண் தாயின் கையில் விழுந்தது. "இதென்ன அம்மா, கை இப்பிடி வெந்திருக்கு?"

நஜ்முன் நிஸா கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

இருவரும் ஓர்ஸ் ஹில் சரிவால் இறங்கிப் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தார்கள். கீழே உள்துறைமுகத்தில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. ஒரு கப்பல் நின்றது. நஜ்முன் நிஸாவின் வாய்தான் ஓயாதே. "அடுத்த வருஷம் எண்டா என்ன, கண்ண மூடித் திறக்கக்குள்ள வந்திடும். அதுக்கிடையில வாப்பாட்டச் சொல்லி ஒரு நல்ல கிரீம்..."

"போதும் உம்மா!"

பஸ்ஸுக்கு நின்ற நாலைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அசனா யாரையும் பார்க்கவில்லை.

"அண்டைக்குக் கஞ்சிய ஊத்தினதும் நீங்க. இண்டைக்குக் கெடுத்ததும் நீங்க. எனக்கு விரல் விரிஞ்சாப் போதும் எண்டு இரிந்தன். அது மட்டும்தான் கேட்டன். பதின்மூணு வருஷமா இது உங்கட கை மாதிரி! நீங்க பூசுறீங்க, நீங்க தடவுறீங்க, நீங்க மூடுறீங்க. பூசட்டா எண்டு என்னட்ட ஒருநாளாவது கேட்டீங்களா?"

சொல்லி முடித்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. கண்ணில் நீர் கொட்டியது.

நஜ்முன் நிஸா அசையாமல் நின்றாள். இந்த வார்த்தைக்குத்தான் அவள் பதின்மூன்று வருடமாகப் பயந்துகொண்டிருந்தாள். அது வந்துவிட்டது. நெஞ்சில் கத்தியால் கீறியது போலத்தான் இருந்தது. ஆனாலும் அதே நெஞ்சுக்குள் எத்தனையோ வருடத்துக்குப் பிறகு மூச்சு அடிவரைக்கும் போய் வந்ததையும் அவள் உணர்ந்தாள்.

"ஓம் மகள்," என்றாள். "நான்தான் ஊத்தினன். நான்தான் கெடுத்தன். நான் இனி என்ன செய்யவேணும், சொல்லு."

அசனா மூக்கை உறிஞ்சினாள். "ஒண்டும் செய்யாம இருங்க. அடுத்த வருஷம் டொக்டர் கூப்பிட்டாலும் சரி, கூப்பிடாட்டியும் சரி. ஒண்டும் செய்யாம, சும்மா என்னோட இருங்க. ஏலுமா?"

ஏலுமா என்றால்? நஜ்முன் நிஸாவிடம் வருடம் முழுக்க நோன்பு பிடிக்கச் சொல்லியிருந்தால் யோசிக்காமல் தலையாட்டியிருப்பாள். இதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"ஏலும்," என்றாள்.

கிண்ணியா பஸ்ஸில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இடம் கிடைத்தது. வெயில் ஏறியிருந்தது. அசனாவின் கை கடிக்கத் தொடங்கிற்று. அவள் அதைச் சட்டையில் உரஞ்சுவதை நஜ்முன் நிஸா ஓரக்கண்ணால் பார்த்தாள். தடவிவிட அவளுடைய கை பாதித் தூரம் போய்விட்டது. அதை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"மகள், தடவிவிடட்டா?"

அசனா திரும்பிப் பார்த்தாள். தாய் ஒருநாளும் இப்படிக் கேட்டதில்லை.

"வேணாம்," என்றாள்.

"சரி," என்றாள் நஜ்முன் நிஸா. கண் கலங்கியது. யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கை மடியிலேயே கிடந்தது. நகரம் போனது, வழியில் ஏறியவர்கள் இறங்கினார்கள், புதிதாக ஆட்கள் ஏறினார்கள். அவள் வாய் திறக்கவில்லை. கிண்ணியாப் பாலத்தில் பஸ் ஏறியபோது கடற்காற்று உள்ளே அடித்தது. அப்போதுதான் அசனா இடக்கையை எடுத்துத் தாயின் மடியில் வைத்தாள்.

"இப்பத் தடவுங்க உம்மா. கையால மட்டும்."

நஜ்முன் நிஸா தோலுரிந்த உள்ளங்கையால் அந்த வடுவை மெதுவாகத் தடவிக்கொடுத்தாள். கை எரிந்தது. அவள் நிறுத்தவில்லை.