வெள்ளை டயல்

ஞாயிறு ஆராதனை முடிந்து மாடம்பாக்கம் வீட்டுக்கு வந்த சத்தியநாதன், இஸ்திரி போட்ட சட்டையைக் கழற்றவில்லை. அப்பாவின் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆள் வருகிறான். பனியனோடு உட்கார்ந்து காட்டுகிற பொருளா அது?

வருகிறவன் ஜீவானந்தம். சத்தியநாதனின் மகன் ஜேசனோடு நாவலூரில் வேலை பார்ப்பவன். பழைய வாட்சுகளைத் தேடிச் சேர்க்கிற பைத்தியம் உள்ளவன். அடுத்த மாதம் பேரனுக்குச் சர்ச்சில் திடப்படுத்தல் ஆராதனை. அன்று மருமகள் ஜெருஷாவின் சொந்தக்காரர்கள் முன்னால் வாட்சைப் பேரன் கையில் கட்டி, அதன் மதிப்பைச் சொல்ல வேண்டும். அப்பா எட்மண்டின் குடும்பம் எப்பேர்ப்பட்டது என்று அவர்கள் தெரிந்துகொள்ளட்டும். முக்கியமாக ஜெருஷாவின் பெரியப்பா.

அந்த மனிதர் ஜெயில் வார்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜேசனின் நிச்சயதார்த்தத்தன்று வாட்சை வாங்கிப் பார்த்தார். கறுத்த டயலில் பன்னிரண்டுக்குக் கீழே சின்னதாக ஓர் அம்புக்குறி.

"இன்னா சம்பந்தி, வெள்ளக்காரன் காலத்துல ஜெயில் தட்டு, கம்பளி எல்லாத்துலயும் இந்த அம்புதான் குத்திகீது. உங்க நைனா உள்ள போய் வந்தாரா?"

கூடமே சிரித்தது. சத்தியநாதன் சிரிக்கவில்லை. தன் கல்யாணத்துக்கு முந்தைய சில வருஷங்களைப் பற்றி அப்பா மகனிடம் வாயே திறந்ததில்லை. கேட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். செத்துப்போன மனிதரின் அந்த மௌனம் இப்போது அம்போடு போய் ஒட்டிக்கொண்டது. சத்தியநாதன் யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் ஊருக்குத் தெரிந்துவிடுமே. மறுநாளே தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு கடையில் கொடுத்து அம்பைச் சுரண்டி, டயலுக்கு வெள்ளையடித்து, தங்க நிறத்தில் எண்கள் போட்டு வாங்கினார். பின்மூடியிலும் ஓர் அம்பு இருந்தது. அதையும் ராவித் தேய்க்கச் சொன்னார்.

ஜீவானந்தம் வந்தான். வாட்சைக் கையில் எடுத்ததும் முகம் சுருங்கியது.

"டயல் மாத்தியிருக்கா அங்கிள்?"

"புதுப்பிச்சோம். ஏன், நல்லாத்தானே இருக்கு?"

அவன் பின்மூடியைத் திறந்து, கண்ணில் ஒரு லென்ஸை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான்.

"அங்கிள், இது கடையில வித்த வாட்ச் இல்ல. ரெண்டாம் உலகப் போர்ல மிலிட்டரிக்குன்னே செஞ்சது. உங்கப்பா பட்டாளத்துல இருந்தாரா? பர்மா சண்டையில?"

சத்தியநாதன் வாட்சுப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"சும்மா யாருக்கும் குடுக்க மாட்டாங்க. டயல்லயும் பின்னாடியும் வெள்ளக்கார சர்க்கார் சொத்துன்னு அம்பு மாதிரி ஒரு முத்திரை இருக்கும். அது அப்படியே இருந்தா லட்சக்கணக்குல போகும். காச விடுங்க, அதுதான் சாட்சி. இல்லேன்னா எவனோ பழைய பார்ட்ஸ வெச்சு ஒட்டுப்போட்டதுன்னு சொல்லிடுவாங்க. இதுல அம்பு இருந்துச்சா அங்கிள்?"

பட்டாளத்துக்காரர். கைதி அல்ல. இருந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த வார்டரின் வாயை அடைத்துவிடலாம். ஆனால் இருந்தது என்றால், எங்கே என்று கேட்பான். சுரண்டினேன் என்றால், ஏன் என்பான். பெற்ற அப்பனை ஜெயிலுக்குப் போனவன் என்று நம்பிய மகன் என்று நாளைக்கு நாலு பேர் பேசுவார்கள்.

முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"இல்ல. அப்படி எதுவும் இருந்ததில்ல."

மேடவாக்கத்திலிருந்து வந்திருந்த தங்கை யூனிஸ் டீத் தட்டோடு நின்றிருந்தாள். தட்டை டீப்பாயின்மேல் வைத்தாள்.

"இருந்துச்சு தம்பி. பன்னெண்டுக்குக் கீழ. சின்னப் புள்ளையில அப்பா மடியில உக்காந்து, கோழிக்கால் கோழிக்கால்னு அதத் தொடுவேன். இது பட்டாளத்துக் கோழிடீன்னு சிரிப்பாரு. வெளையாட்டுக்குச் சொல்றாருன்னு இருந்துட்டேன்."

"யூனிஸ், வெளியாள் முன்னாடி என்ன பேச்சு இது?"

"பொய் மட்டும் வெளியாள் முன்னாடி சொல்லலாமா அண்ணா?"

"இத ஏன் அப்பவே சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க? ஆம்பளப் புள்ளைக்குன்னு பீரோவுல வெச்சுப் பூட்டுனீங்க. கல்யாணத்தன்னிக்கு ஜேசன் கையில இருந்ததப் பாத்து, வேற வாட்சாக்கும்னு நெனச்சேன்." அவள் குரல் உயரவில்லை. "அந்த வார்டரு சிரிச்சாருன்னுதான் இதச் செஞ்சீங்களா?"

ஜீவானந்தம் பின்மூடியைப் பொருத்தி, வாட்சைப் பெட்டிக்குள் வைத்தான். "முத்திரை போனது போனதுதான் ஆன்ட்டி. வாய் வார்த்தைய வெச்சு யாரும் ஒத்துக்க மாட்டாங்க," என்றான். டீயைக் குடிக்காமலே எழுந்தான். யூனிஸும் கைப்பையை எடுத்துக்கொண்டாள். கேட் சாத்துகிற சத்தம் கேட்டது.

பெட்டியிலிருந்து வாட்சை எடுத்துத் திருப்பினார். பின்மூடியைக் கட்டைவிரலால் அழுத்தித் தடவிப் பார்த்தார். ஒரு கீறல்கூடத் தட்டுப்படவில்லை. ராவியவன் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தான்.