இரவல் கனவுகள்

இனிச் சொல்லப்போவதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. வாயில் மிச்சமிருக்கும் பற்களின் மேல் ஆணை. எத்தனை மிச்சம் என்று எண்ணிப் பார்க்க நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

ஓர் ஊரில் லிஃப்ட் மெக்கானிக் ஒருவன் இருந்தான். கோபித்துக்கொண்டு நடுவழியில் நின்றுவிட்ட லிஃப்டுகள்கூட அவன் செருப்புச் சத்தம் கேட்டதும் தாமாகவே இறங்கி வந்து, கதவைத் திறந்துகொண்டு பவ்வியமாக நிற்கும். அப்பேர்ப்பட்டவனுக்கு ஒருநாள் லிஃப்டுக்குள் தொண்டை அடைத்தது. அவன் குடியிருந்த கட்டடத்தின் லிஃப்ட்தான். உள்ளே அவன், அவன் மைத்துனன், மைத்துனன் அன்று வாங்கிய புது பீரோ. கதவு மூடியதும் யாரோ தொண்டைக்குள் சாக்கைத் திணித்தது போலிருந்தது. ஏழாவது மாடியில் கதவு திறந்தபோது பீரோ நின்றபடி வெளியே வந்தது. மெக்கானிக் படுத்தபடி வந்தான்.

அதன்பிறகு மூடுகிற கதவு எதைப் பார்த்தாலும் உள்ளங்கை ஈரமாகிவிடும். வேலைக்குப் போன இடங்களில் கருவிப் பெட்டியை லிஃப்டில் அனுப்பிவிட்டுத் தான் படியேறினான். ஒருநாள் சூப்பர்வைசர் படிக்கட்டில் வழிமறித்தார்.

"என்னப்பா, வீட்டுக்குக் கதவு மாட்டிக் குடுத்துட்டு ஜன்னல் வழியா ஏறிக் குதிக்கிறவன் மாதிரி போற?"

"உடம்பைக் குறைக்கலாம்னு சார்."

"எங்கேர்ந்து குறைப்பே? எலும்பைச் செதுக்கவா? இதப் பாரு, நீ லிஃப்ட் மாட்டுற ஆஸ்பத்திரிக் கட்டடம் முடிய இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. மாட்டினவன்தான் முதல்ல தனியா ஏறிப் போகணும். ஏறலைன்னா அடையாள அட்டையைக் கழட்டிக் குடுத்துட்டு வேற பொழப்பைப் பாரு."

அந்தத் தொழிலில் அதுதான் சட்டம். லிஃப்டைப் பொருத்தியவன் முதல் சவாரி தனியாகப் போய் வந்தால்தான் மற்றவர்கள் ஏறுவார்கள். மெக்கானிக்குக் கைவசம் வேறு தொழில் கிடையாது. வீட்டில் இரண்டு அறை, ஒரு மனைவி, அப்புறம் மைத்துனன்.

மனைவிதான் விசாரித்து அவனை உளப்பகுப்பாய்வு ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பினாள். பயத்துக்கும் கனவுக்கும் என்ன உறவு என்று அங்கே ஒரு டாக்டரம்மா ஆராய்ந்துகொண்டிருந்தார். வைத்தியம் இலவசம். நிபந்தனை ஒன்றுதான்: வருகிறபோதெல்லாம் ஒரு கனவு கொண்டுவர வேண்டும். வெறுங்கையோடு வந்தால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். வாசலில் சட்டைப் பொத்தானைக் கண்டு நடுங்குகிறவர், தன் கொட்டாவிக்கே பயந்து வாயைக் கட்டிக்கொண்டவர் என்று வரிசை தெருமுனைவரை நின்றது.

"மனசு பகல்ல சொல்லக் கூசுறதை ராத்திரி வேஷம் கட்டிச் சொல்லும்," என்றார் டாக்டரம்மா. "உங்க பயமும் அந்த மாதிரி ஒரு வேஷமா இருக்கலாம். உள்ள யாருன்னு பாக்கணும். நீங்க பேசுங்க."

அதோடு அவர் மௌனமாகிவிட்டார். அவருடைய மௌனம் சாதாரணமானதல்ல. ஒருதடவை மூக்குக் கண்ணாடிக்கும் பேனாவுக்கும் நடுவே ஒரு சிலந்தி வலை பின்னி, குடும்பம் நடத்தி, பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டுப் போனது. அவர் அசையவில்லை.

மெக்கானிக்கின் சிக்கல் வேறு. படுத்தால் கல். அவனுக்குக் கனவே வராது. முதல் தடவை ஏதோ உளறிச் சமாளித்துவிட்டு வீட்டுக்கு வந்தான்.

கூடத்தில் மைத்துனன் சோம்பல் முறித்துக்கொண்டிருந்தான். இன்டர்வியூவுக்காக ஒரு வாரம் தங்கிப்போக வந்தவன். அவன் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இதற்கிடையில் வேலையும் கிடைத்திருந்தது. கனவுகளைப் பொறுத்தவரை அவன் பெரும் பணக்காரன்.

"அத்தான், இன்னிக்கு மூணு கனவு. பல்லெல்லாம் கொட்டிப்போச்சு. அப்புறம் பரீட்சைக்குச் சட்டையில்லாம போயிட்டேன். கடைசியா, லாயத்துல கட்டியிருந்த குதிரை கயித்தை அறுத்துட்டு ஓடிடுச்சு."

மெக்கானிக்கின் காது நிமிர்ந்தது. "மாப்ளே, அந்தக் குதிரையை எனக்குக் குடேன்."

"எடுத்துக்குங்க அத்தான். நமக்குள்ள என்ன?"

அப்படித்தான் ஆரம்பித்தது. காலையில் மைத்துனன் சொல்லுவான். இவன் ஒன்றைப் பொறுக்கிக்கொள்வான். பிறகு சிந்தாமல் சிதறாமல் கொண்டுபோக வேண்டும். பஸ்ஸில் தலையைச் சாய்க்காமல் உட்கார்ந்திருப்பான். அப்படியும் அன்று ஒரு தடியர் வந்து இடித்ததில் குதிரை நழுவிக் கீழே விழுந்துவிட்டது. இவன் தடவி எடுப்பதற்குள் பாதி கண்டக்டர் மேல் ஏறிக்கொண்டது. மனுஷர் கடைசி நிறுத்தம்வரை கனைத்துக்கொண்டேதான் டிக்கெட் கொடுத்தார்.

டாக்டரம்மா கனவுகளைக் கேட்டார், கிளறினார், விளக்கினார். பலன் கைமேல் தெரிந்தது, மைத்துனனுக்கு. பல்லியைக் கண்டால் அலறி மேசைமேல் ஏறுகிறவன் அதைக் கையில் எடுத்துத் தடவிக் கொடுத்தான். தூக்கத்தில் பல் கடிப்பது நின்றது. கன்னத்தில் சதை போட்டது. மெக்கானிக்குக்கோ பயம் குட்டி போட்டுப் பெருகியது. குளியலறைக் கதவைத் திறந்து வைத்துக் குளித்தான். மூடியிருக்கும் டப்பாவைப் பார்த்தால் உள்ளே இருக்கும் சர்க்கரைக்காக மூச்சு வாங்கினான்.

ஆஸ்பத்திரி லிஃப்ட் தயாராகிவிட்டது. திங்கட்கிழமை முதல் சவாரி. அதற்கு முன் டாக்டரம்மாவிடம் போவதற்குக் கடைசியாக ஒரு சனிக்கிழமை. அன்று காலை மைத்துனன் பளிச்சென்ற முகத்தோடு எழுந்தான்.

"ஒண்ணும் வரலை அத்தான். துடைச்சு வெச்ச மாதிரி தூங்கினேன்."

"நல்லா யோசிச்சுப் பாரு மாப்ளே. ஒரு சின்னக் குதிரைகூட இல்லையா?"

"ஒரு கொசுகூட இல்ல."

மெக்கானிக் வெறுங்கையோடு போனான். சோபாவில் படுத்ததும் பஸ்ஸில் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பொய் மறந்துபோய், உண்மை கொட்டிவிட்டது.

"எல்லாமே என் மச்சினன் கனவு டாக்டர். இரவல். என்னை அனுப்பிடாதீங்க. திங்கக்கிழமை ஏறலைன்னா என் பொழப்பு போயிடும்."

டாக்டரம்மா வாழ்க்கையில் முதல்முறையாக உடனே பேசினார்.

"கனவு அவரோடது. பொறுக்கினது யாரு?"

"நான்தான்."

"எதையெல்லாம் எடுத்தீங்க?"

"குதிரை ஓடிப்போனது. ரயில்ல ஒருத்தன் ஏறிப்போனது. பெட்டியைத் தூக்கிட்டு ஒருத்தன் வாசலைத் தாண்டினது..."

"வேண்டாம்னு விட்டது?"

"பல் விழுந்தது, பரீட்சை, கடல்."

"எடுத்த எல்லாத்துலயும் யாரோ கிளம்பிப் போறாங்க."

மெக்கானிக் புரண்டதில் சோபா கிறீச்சிட்டது.

"அவன் தங்கமான பையன் டாக்டர்."

"தங்கமா, தகரமான்னு நான் கேக்கவே இல்லையே."

மெக்கானிக்குக் காது சுட்டது.

"முதல்தடவை தொண்டை அடைச்சப்போ லிஃப்ட்ல என்ன இருந்துச்சுன்னு சொன்னீங்க?"

"பீரோ." வாயில் அந்தச் சொல் வந்ததுமே அவனுக்கு வியர்த்தது. "பீரோ வாங்கறவன் எங்கயும் போக மாட்டான் டாக்டர். நான்தான் அவனை வாசல்ல நின்னு வரவேத்தேன். உன் வீடு மாதிரி இருன்னேன். இப்ப எந்த வாயால போன்னு சொல்லுவேன்?"

"சொல்லாம முழுங்கினது எங்க போய் உக்காரும்னு நினைக்கிறீங்க?" என்றவர் மறுபடி மௌனமானார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவன் சொல்ல முயன்றான். "மாப்ளே" என்பதுவரை வரும். பிறகு இருமல்தான் வரும். மனைவி கஷாயம் வைத்துக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டு நின்றார். முதல் சவாரியில் இன்னொரு வேலையும் உண்டு. லிஃப்டில் சிக்கிக்கொண்டவர்கள் வெளியே பேசுவதற்கான சிவப்புப் பொத்தானையும் அழுத்திச் சோதிக்க வேண்டும். காவலாளி அறைக்கு ஃபோன் இணைப்பு வராததால், தற்காலிகமாகத் தன் வீட்டு எண்ணையே அதில் போட்டு வைத்திருந்தான்.

உள்ளே போனான். கதவு மூடியது. அந்தச் சாக்கு தொண்டையில் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்தது. சுவர்கள் சட்டைக் காலரைப் பிடித்தன. இரண்டாம் மாடி தாண்டுவதற்குள் கண் இருட்டியது. கை எதையோ அழுத்தியது. சிவப்புப் பொத்தான்.

"ஹலோ, யாரு?" மைத்துனன் குரல்.

"மா... மாப்ளே..."

"அத்தானா? என்ன, மூச்சு வாங்குது?"

"நீ... எப்போடா வீட்டைக் காலி பண்ணப் போற?"

அந்த வாக்கியம் வெளியே பாய்ந்த வேகத்தில் லிஃப்டின் மின்விசிறி எதிர்ப்பக்கமாகச் சுழன்றது. தொண்டை திறந்தது. காற்று குபுகுபுவென்று உள்ளே வந்தது.

மறுமுனையில் மைத்துனன் பெருமூச்சு விட்டான்.

"இதை முன்னாடியே கேட்டிருக்கக் கூடாதா அத்தான்? கிளம்பறதுக்கு முன்னாடி உங்களுக்கு ஏதாவது வாங்கிக் குடுக்கணும்னுதான் அந்த பீரோவையே வாங்கினேன். அன்னிக்குன்னு பாத்து லிஃப்ட்ல விழுந்துட்டீங்க. உடம்பு சரியில்லாத மனுஷனை விட்டுட்டு எப்படிப் போறது? போகணும் போகணும்னு எனக்குத் தினமும் கனவாவே வந்துச்சு."

"அப்போ அந்தக் குதிரை?"

"நான்தான்."

மெக்கானிக் சிரித்தான், அழுதான், இரண்டையும் முடித்துவிட்டு மூக்கைச் சிந்தினான். "அவசரமில்ல மாப்ளே. அடுத்த மாசம் போ."

"சாயங்காலமே கிளம்பறேன். இல்லைன்னா நீங்க மறுபடியும் விழுவீங்க."

பன்னிரண்டாம் மாடியில் கதவு திறந்தது. வெளியே யாருமில்லை. அவன் இறங்கவில்லை. கீழே போகும் பொத்தானைத் தானே அழுத்தி, மூடுகிற கதவைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றான். கீழே சூப்பர்வைசர் காத்திருந்தார். மெக்கானிக் அடையாள அட்டையைச் சட்டைக்கு வெளியே எடுத்து விட்டுக்கொண்டு, "நீங்களும் வாங்க சார், ஒரு சுத்து போயிட்டு வரலாம்," என்றான்.

அந்த ஊரில் மாடி வைத்துக் கட்டிய கட்டடம் இன்றுவரை ஒன்றுகூடக் கிடையாது. எழுந்து போகாதவர்கள் இனி என் பற்களை எண்ணிக்கொள்ளலாம்.