புகையில் உறையாத கார்டு

கார்டை மாற்று, இல்லையென்றால் உன்னை மாற்றுகிறேன் என்று கேப்டன் சொல்லிவிட்டார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் மறுநாள் பயிற்சியில் ஆறாவதாக ஒரு குரல் வந்து உட்கார்ந்திருந்தது. "சும்மா பாக்க வந்திருக்கான்" என்றார். சும்மா பார்க்க வந்தவன் எதற்குத் தன் மைக் கேட்கிறதா என்று மூன்று தடவை கேட்க வேண்டும்?

நாங்கள் ஐந்து பேர். கம்ப்யூட்டரில் சுடும் ஆட்டம் ஆடுகிறோம், எதிர்ப்பக்கமும் ஐந்து பேர். கேப்டன் பஸ் டிப்போவில் டயர் மாற்றுகிறவர். நர்ஸக்கா உண்மையிலேயே நர்ஸ். மாப்பிள்ளைக்கு மூன்று வருடமாகப் பெண் தேடுகிறார்கள், அதனால் அந்தப் பெயர். நாலாவது ஆள் வாயே திறக்க மாட்டான், அவன் கம்முனு. நான் ஹோட்டல் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்க்கும் கூடத்தில் வேலை செய்வதால் சலவை. யாரும் யார் முகத்தையும் பார்த்ததில்லை. ஆளுக்கொரு நாட்டில் இருக்கிறோம்.

எங்கள் கூடத்தில் விரிப்பின் ஒரு முனையை நான் பிடிப்பேன், மறுமுனையை இன்னொருவர் பிடிப்பார், இரண்டு பேருமாகச் சூடான உருளைக்குள் தள்ளுவோம். அவருக்கும் எனக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. காலையில் ஒரு தலையாட்டல், சாயங்காலம் ஒரு தலையாட்டல். நான் வாயைத் திறந்து தமிழ் பேசுவது அந்த நாலு பேரிடம்தான். குழுவில் என் இடம் போனால் எனக்கு ஆட்டம் மட்டும் போகாது, பேச்சும் போய்விடும்.

குற்றம் என் கார்டுடையது. திரையில் படத்தை வரைந்து காட்டுவது கிராபிக்ஸ் கார்டு. எதிராளி புகைக்குண்டு போட்டால் என் கார்டுக்கு மூச்சு முட்டும். படம் உறைந்து நிற்கும். மறுபடி அசையும்போது நான் செத்துக் கிடப்பேன்.

"ஏன்டா சலவை, புகை போட்டா உன்னை மட்டும் நிறுத்தி வச்சு போட்டோ எடுக்கறாங்களா?" என்பான் மாப்பிள்ளை.

தகுதிச் சுற்று அடுத்த ஞாயிறுக்கு மறு ஞாயிறு. புதுக் கார்டு வாங்க வசதியில்லை. பழைய சாமான் விளம்பரங்களில் தேடி ஒரு நம்பருக்குப் போன் செய்தேன். இரண்டு வார்த்தை பேசியதுமே அந்த ஆள் தமிழுக்கு மாறிவிட்டார்.

"அட, நம்ம ஆளா. அப்ப ஒண்ணும் யோசிக்காத. வா தம்பி."

அங்கேதான் யோசிக்க ஆரம்பித்தேன். நம்ம ஆள் என்று சொல்லிக்கொண்டு வருகிறவரிடம் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் என் கம்ப்யூட்டர் பெட்டியை ஒரு கிழிந்த விரிப்பில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். நாலாவது மாடி. அவர் ஜெராக்ஸ் மெஷின் மெக்கானிக். விரல் நுனியெல்லாம் கறுப்பு. ஜன்னலோரம் அவர் மனைவி பிள்ளைகளின் சீருடையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மேசைமேல் இரண்டு கார்டு. ஒன்றில் மூன்று விசிறியும் கலர் விளக்கும். இன்னொன்று இரண்டே விசிறி, செங்கல் மாதிரி கறுப்பாக இருந்தது.

"படம் பாக்கவா, போட்டிக்கு ஆடவா?" என்று என் பெட்டியைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டே கேட்டார்.

"போட்டிக்கு."

"அப்ப சின்னதை எடுத்துக்க."

பெரியதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சின்னதை விற்கப் பார்க்கிற வியாபாரியை நான் கண்டதில்லை.

"ஏன், பெருசுல என்ன கோளாறு?"

"கோளாறு பெருசுல இல்ல, உன் பெட்டில. உள்ள இருக்கற பவர் சப்ளை அதுக்குத் தாங்காது. புகை போட்டா படம் நிக்காது, பெட்டியே அணைஞ்சிடும். அதுவுமில்லாம போட்டிக்கு ஆடறவன் படத்தோட அழகையெல்லாம் குறைச்சு வச்சுட்டுத்தான ஆடுவான்? தண்ணில நிழல் விழுதா இல்லையான்னு உனக்கு என்ன வந்துச்சு? உனக்கு வேண்டியது வேகம்."

நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஏமாற்றப் போகிறவன் நியாயத்தைத்தானே முதலில் எடுத்துப் பரப்புவான்.

நானும் சும்மா போகவில்லை. ஒரு வாரம் வீடியோ பார்த்துப் பாடம் படித்திருந்தேன். பழைய கார்டுக்குள் பெயரை மாற்றி எழுதிப் புதியது என்று விற்பார்கள். கிரிப்டோ காசு எடுக்கிறேன் என்று வருடக்கணக்கில் நிறுத்தாமல் ஓட்டிய கார்டைக் கழுவித் துடைத்து விற்பார்கள். நான் கார்டைத் திருப்பினேன். பின்பக்கத்து நாலு ஸ்குரூவில் ஒன்றின் தலை கீறியிருந்தது.

"இதைத் தொறந்திருக்கீங்க."

"தொறந்தேன். உள்ள சூட்டை இழுக்கற பேஸ்ட் காஞ்சு போயிருந்துச்சு. மாத்துனேன்."

"யாரு மாத்தச் சொன்னா?"

மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "அவருக்கு யாரும் சொல்ல வேணாம் தம்பி. எங்க வாஷிங் மெஷினையும் அப்படித்தான் தொறந்தாரு. மூணு மாசமா தொறந்தே கிடக்குது."

நான் கார்டை மூக்கருகே கொண்டுபோனேன். கருகிய வாடை அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள்.

"மோந்து பாக்கறியே, மல்லிப்பூவா அது?" என்றார் மெக்கானிக்.

"விடுங்க, பாத்துதான் வாங்கணும்" என்று மனைவி எனக்குப் பரிந்து பேசினார். "ஆனா ஒண்ணு தம்பி. இவருகிட்ட வாங்கிட்டுப் போனவங்க ஒருத்தர்கூட திரும்பி வந்ததில்ல."

அதை நல்லவிதமாக எடுத்துக்கொள்வதா, வேறுவிதமாகவா என்று எனக்குப் புரியவில்லை.

சின்ன கார்டை என் பெட்டியில் மாட்டி அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டச் சொன்னேன். சூடு அளவோடு நின்றது. விசிறி முனகவில்லை. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் குனிந்து விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது என் கம்ப்யூட்டரில் ஒரு பென் டிரைவ் செருகியிருந்தது.

"அது என்னது?"

"புது டிரைவர், கார்டை ஓட்டற புரோகிராம். பழசை வச்சுக்கிட்டா கார்டு எப்படி முழுசா வேலை செய்யும்?"

"நான் வீட்டுல போயி இறக்கிக்குவேன்ல?"

"முடிஞ்சிருச்சு தம்பி" என்று உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு அவகாசமே கொடுக்கவில்லை.

காசைக் கொடுத்து வாங்கி வந்து அன்று சாயங்காலமே ஆடினேன். புகை போட்டார்கள். படம் நிற்கவில்லை. புகை சுருள் சுருளாக நகர்வதை அன்றைக்குத்தான் பார்த்தேன். செத்தவர்கள் சுற்றுக்குச் சுற்று எழுந்து வருவார்கள்; ஒரே ஆட்டத்தில் இருபத்தாறு தடவை ஆளைச் சுட்டு விழுத்தினேன். என் வழக்கமான கணக்கு எட்டோ ஒன்பதோ.

"சலவை, சோப்பு மாத்திட்டியாடா?" என்று மாப்பிள்ளை கத்தினான். நர்ஸக்கா சிரித்தார். திங்கள்கிழமையும் அப்படியே. செவ்வாய்க்கிழமை சிரிப்பு குறைந்தது. ஆறாவது குரல் மட்டும் "எப்படி?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டது.

புதன்கிழமை கேப்டன் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, ஒரு வீடியோ அனுப்பியிருக்கேன். பாத்துட்டுப் பேசு."

பார்த்தேன். நான் ஆடியதைத்தான் பதிந்து வைத்திருந்தார். புகைக்குப் பின்னால் ஒரு வாசல். வாசலில் யாரும் இல்லை. நான் சுட ஆரம்பிக்கிறேன். அதற்கப்புறம்தான் ஒருவன் வாசலுக்கு வந்து என் குண்டில் விழுகிறான்.

"அவன் வர்றான்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"தெரியல கேப்டன். கை தானா போகுது."

"கைக்குத் தெரிஞ்சுதா, கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சுதா?"

சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனைக் காட்டிக்கொடுக்கிற திருட்டுப் புரோகிராம்கள் உண்டு. அதைத்தான் கேட்டார்.

"நான் அப்படிப்பட்டவன் இல்ல கேப்டன்."

"நான் சொன்னேனா? ஆனா ஒருத்தன் மாட்டுனா போட்டி நடத்தறவங்க அஞ்சு பேரையும் தூக்கிடுவாங்க. சனிக்கிழமை காலைல பேரு குடுக்கணும். உன் பேரா அந்தப் பையன் பேரான்னு நான் முடிவு பண்ணணும்."

அந்த வீடியோவை இருபது தடவை பார்த்திருப்பேன். பார்க்கப் பார்க்க எனக்கே என் மேல் நம்பிக்கை போய்விட்டது. வேறு ஒருவன் அப்படிச் சுட்டிருந்தால் நானும் திருடன் என்றுதான் சொல்லியிருப்பேன். அப்போதுதான் அந்தப் பென் டிரைவ் மனதுக்குள் வந்து உட்கார்ந்தது. கம்ப்யூட்டரைத் திறக்கும்போது தானாக ஓடுகிறவை என்னென்ன என்று பார்த்தேன். வாயில் நுழையாத பெயரில் ஒன்று இருந்தது. நான் போட்டதில்லை. மெக்கானிக்குக்குப் போன் செய்தேன்.

"அது விசிறி வேகத்தைக் குறைக்கறது தம்பி. சத்தம் வந்தா எங்க வீட்டுல திட்டுவா, அதனால எல்லாத்துலயும் போட்டுவிடுவேன்."

"வேற ஒண்ணும் இல்லையே?"

"வேற என்ன?"

"சுவத்துக்கு அந்தப் பக்கம் ஆள் தெரியற மாதிரி ஏதாச்சும்."

"அப்படி ஒண்ணு என்கிட்ட இருந்தா நான் ஏன் தம்பி ஜெராக்ஸ் மெஷினைக் கழட்டிட்டு இருக்கேன்?" என்றார். பின்னால் அவர் மனைவி சிரிப்பது கேட்டது.

கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் அழித்தேன். ஒன்றுவிடாமல் துடைத்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினேன். ஆனால் அழித்துவிட்டேன் என்று நான் சொன்னால் அதற்கு யார் சாட்சி? நர்ஸக்காவிடம் கேட்டேன். அவர் மருந்து மாற்றிப் பார்க்கிற ஆள் மாதிரிதான் யோசித்தார்.

"பழைய கார்டு இருக்கா?"

"இருக்கு."

"அதைத் திருப்பி மாட்டு. கையும் திரையும் தெரியற மாதிரி போன் கேமராவை வை. புதுக் கார்டால வந்த சீக்குன்னா பழைய கார்டுல இருக்காது. எல்லாரும் பாக்கட்டும்."

வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை. கம்பி ஹேங்கர் ஒன்றை வளைத்து, அதில் போனைக் கட்டி, தலைக்கு மேலே தொங்கவிட்டேன். பழைய கார்டை மாட்டினேன். எங்கள் குழுவின் நாலு பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்த ஆறாவது குரலும் அவன் கூட்டிவந்த நாலு பேரும் எனக்கு எதிராக ஆடினார்கள். ஒவ்வொரு தடவையும் புகை போடச் சொல்லியிருந்தார் கேப்டன். படம் நின்றது, துள்ளியது, மறுபடி நின்றது. நான் வரிசையாகச் செத்தேன். ஒருவனைக்கூடச் சுடவில்லை.

"அவ்வளவுதான்" என்றார் கேப்டன். "பழைய கார்டுல ஒண்ணும் முடியல. புதுசுல மட்டும் கண்ணு தொறக்குது. இதுக்கு மேல என்ன பேச?"

முடிந்தது என்று நினைத்தேன்.

"பொறுங்க கேப்டன்" என்றார் நர்ஸக்கா. "செத்தானான்னு பாக்காதீங்க. எப்ப சுட ஆரம்பிக்கறான்னு பாருங்க. நான் எண்ணிட்டு இருந்தேன். ஒன்பது தடவை ஆள் வந்தான். ஏழு தடவை இவன் விரல் முன்னாடியே அழுத்திடுச்சு. வீடியோவை ஓட்டுங்க."

ஓட்டினார்கள். திரை உறைந்து நிற்கிறது. வாசலில் யாரும் இல்லை. ஆனால் மேலிருந்து எடுத்த படத்தில் என் ஆள்காட்டி விரல் அழுத்துவது தெரிகிறது. அப்புறம் படம் துள்ளுகிறது. குறி தள்ளிப்போய் குண்டு வாசற்காலில் படுகிறது. ஆள் நிற்கிறான், நான் சாகிறேன்.

"படம் நிக்கும்போது என்ன பண்ணுவ?" என்று அக்கா என்னிடம் கேட்டார்.

யோசித்தேன். ஒருவரும் இதை என்னிடம் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. "படம்தான் நிக்கும்க்கா. சத்தம் நிக்காது. காலடி கேக்கும்."

"மூணு வருஷமா காதாலதான் ஆடியிருக்கான்" என்றார் அக்கா. "கார்டு கெட்டது, அதனால வாசக்காலைச் சுட்டான். இப்ப கார்டு நல்லாருக்கு, ஆளைச் சுடறான்."

"மூணு வருஷமா வாசக்காலையா?" என்றான் மாப்பிள்ளை. "ஆசாரிக்குக்கூட அவ்வளவு கோவம் இருக்காதுடா."

கம்முனு முதல் தடவையாக வாயைத் திறந்தான். "சலவை திருடல" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

கேப்டன் தொண்டையைச் செருமினார். "சரி. ஞாயித்துக்கிழமை நீயே ஆடு தம்பி. மனசுல வச்சுக்காத."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் அதற்குப் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. மூன்று வருடம் பேசியவனை ஒரு வீடியோவில் திருடனாக்க முடிந்திருக்கிறது.

"ஆடறேன் கேப்டன். ஆனா என் கையை எல்லாரும் பாத்தீங்கல்ல? ஞாயித்துக்கிழமை அஞ்சு பேர் கையும் தெரியணும்."

"அதுக்கென்ன, நல்லதுதான்" என்றார் அக்கா. கேப்டன் அழைப்பைத் துண்டித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் புதுக் கார்டை மாட்டி உட்கார்ந்தேன். திரையின் ஓரத்தில் கட்டம் கட்டமாகக் கைகள் வந்தன. நர்ஸக்காவின் கை, கழுவிக் கழுவி வெளுத்த தோல். மாப்பிள்ளைக்கு நகமே இல்லை, எல்லாவற்றையும் கடித்துத் தின்றிருந்தான். "பொண்ணு பாக்க வந்த மாதிரி கையைக் காட்டச் சொல்றாங்கப்பா" என்றான். கம்முனுவின் கை எங்கள் எல்லோரையும்விட வயதானது, நரம்பு புடைத்தது. நான் அவனைச் சின்னப் பையன் என்று நினைத்திருந்தேன். நாலாவது என் கை. ஐந்தாவது கட்டம் கறுப்பாக இருந்தது.

"கேப்டன், உங்களுது வரல" என்றார் அக்கா.

"போன்ல சார்ஜ் இல்ல. ஆட்டத்தைக் கவனிங்க."

"சார்ஜ் போட்டுக்கிட்டே வைக்கலாமே கேப்டன்" என்றான் மாப்பிள்ளை.

"என்னையே சந்தேகப்படறீங்களா? நான் சேத்த டீம்டா இது."

மணி அடித்தது. முதல் சுற்று தொடங்கியது. எதிராளி புகை போட்டான், என் படம் நிற்கவில்லை. கேப்டன் எனக்கு இடப்பக்கம், சுவரை ஒட்டி நின்றார். அந்தப் பக்கம் இன்னும் ஒரு காலடிகூடக் கேட்கவில்லை. அவர் துப்பாக்கி சுட ஆரம்பித்தது. ஒருவன் வந்து விழுந்தான். இரண்டாவது ஆளும் விழுந்தான். மூன்றாவது ஆள் புகையைவிட்டு வெளியே வரவே இல்லை, உள்ளேயே விழுந்தான்.

சுற்று எங்களுக்குத்தான். "அடுத்தது" என்றார் கேப்டன். நாலு கட்டத்திலும் கைகள் மவுஸைவிட்டு எழுந்திருந்தன, ஐந்தாவது கட்டம் கறுப்பாகவே இருந்தது.