இரண்டு பேருக்கு ஒரு பத்திரம்

பதினைந்தா, பதினெட்டா, ஒரு சொல் சொன்னால் முடிந்தது, ஆனால் இலட்சுமிக்கு நாக்கு எழவில்லை. பொலிஸ் நிலையத்து வாங்கில் உட்கார்ந்து மடியில் கிடந்த ஷொப்பிங் பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். பைக்குள் பிறப்புப் பத்திரம், பிளாஸ்டிக் உறை போட்டு, மடிப்புக் கலையாமல்... அதைக் கொடுத்தால் மகள் தர்மிளாவுக்குப் பதினெட்டு வயதும் நாலு மாதமும். பதினொரு மணி வாகனத்தில் கோர்ட்டுக்குப் போய், அங்கிருந்து பெரிய பொம்பளைகளோடு மறியல் சிறையில் கிடக்க வேண்டியதுதான். கொடுக்காவிட்டால்? சிறுவர் பெண்கள் பிரிவிலிருக்கும் ஸுலைஹா மிஸ் காலையிலேயே சொல்லிவிட்டாள், "பதினெட்டுக்குக் கொறஞ்ச புள்ளயெண்டா கத வேற. நன்னடத்தை அதிகாரி வரணும், பெரிய ஆக்களோட போட ஏலாது. உள்ளத செல்லுங்க, வாகனம் வர முந்தி செல்லுங்க." உள்ளதைச் சொல்ல வேண்டுமாம். பதினாறு வருஷமாக வாயில் வராதது இந்த வாங்கில் உட்கார்ந்ததும் வந்துவிடுமா?

பத்திரத்தில் இருக்கிற தர்மிளா இவள் இல்லை, மூத்தவள். இரண்டு வயதில் காய்ச்சல் வந்து, தோட்டத்து டிஸ்பென்சரியில் கொடுத்த பாணி மருந்தைக் குடித்துக்கொண்டே மூன்றாம் நாள் போய்விட்டாள். சின்னப் பிள்ளைதானே, அதற்கெல்லாம் எதற்குச் சாவுப் பதிவு என்று கங்காணி சொன்னார், யாரும் மறுத்துப் பேசவில்லை, அழுது முடித்துவிட்டு இலட்சுமி கொழுந்து பறிக்கப் போனாள். அடுத்த வருஷம் இவள் பிறந்தாள்... அந்த நாளை எப்படி மறப்பது? சந்தியில் வெடி கொளுத்துகிறார்கள், கொடி கட்டின லொறிகள் ஏறி இறங்குகின்றன, யுத்தம் முடிந்துவிட்டதாம், போகிற வருகிறவர்களுக்கெல்லாம் பாற்சோறு. மேலே தோட்டத்து லயத்து வீடுகளில் அத்தனை கதவும் சாத்திக் கிடக்கிறது. வலி தாங்காமல் அவள் கத்தியபோது புருஷன் இருளப்பன் துண்டை வைத்து அவள் வாயைப் பொத்தினான், "கத்தாத புள்ள, கீழ உள்ளவங்க நாம அழுவுறோம்னு நெனச்சுக்குவாங்க." பெறுகிற வலிக்கும் அரசாங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்கு யார் கேட்பது! அதற்குப் பிறகு எத்தனையோ நாள் டவுனுக்கு இறங்கவே பயம், பதிவுகாரர் முன்னால் நின்று இன்ன தேதியில் பிறந்தது என்று சொல்ல அதைவிடப் பயம். பெட்டியில் ஒரு பத்திரம் சும்மா கிடந்தது. அதே அப்பா, அதே அம்மா, அதுவும் பெண் பிள்ளைதான், பேரையும் அதையே வைத்துவிட்டால் போயிற்று. வைத்தார்கள். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று இருளப்பன் சிரித்ததுகூட ஞாபகம் இருக்கிறது, இப்போது கொழும்பில் எந்தக் கட்டடத்துக்கு சீமெந்து தூக்குகிறானோ, போனையும் எடுக்கவில்லை.

எட்டு வயதில்தான் ஒன்றாம் வகுப்பா என்று பத்திரத்தைப் பார்த்து அதிபர் கேட்டார், தோட்டத்துப் பிள்ளைகள் இப்படித்தான் என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். அதோடு சரி, பிறகு யாரும் கேட்கவில்லை. இந்த வருஷம் பெல்மதுளையில் ஒரு சிங்கள நோனா வீட்டு வேலைக்கு ஆள் தேடினபோது இலட்சுமி இதே பத்திரத்தைத்தான் நீட்டினாள், கொஞ்சம் பெருமையாகவே. நோனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வயதைப் பார்த்தாள், சின்னப் பிள்ளைகளை வேலைக்கு வைப்பது பாவம் என்று சொன்னாள். நல்ல மனுஷி. சங்கிலி காணவில்லை என்றதும் முதல் வேலையாகப் பொலிசுக்குப் போன் எடுத்ததும் அதே நல்ல மனுஷிதான். விசாரணை என்றால் வீட்டைத் தேடுவார்கள், வந்தவர் போனவரைக் கேட்பார்கள், நோனாவின் மகனையும் நாலு கேள்வி கேட்பார்கள் என்று இலட்சுமி பைத்தியக்காரத்தனமாக நினைத்திருந்தாள். எங்கே ஒளித்தாய், யாரிடம் கொடுத்தாய்... நேற்றிலிருந்து இந்த இரண்டு கேள்விதான். பிள்ளை சிங்களத்தைத் தண்ணீர் மாதிரிப் பேசுவாள், ஆனால் வாசிக்கத் தெரியாது. பேசத் தெரிந்தவளுக்கு எழுதின வாக்குமூலத்தை வாசித்துக்காட்ட வேண்டியதில்லை என்று விட்டுவிட்டார்கள், அவளும் தமிழில் பேரெழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அந்தப் பேர்கூட அவளுடையது இல்லை, பாவி மகள், அது அவளுக்கே தெரியாது.

வெளியே வாகனம் வந்து நிற்கிற சத்தம். இலட்சுமி எழுந்தாள், கால் தானாக மேசையடிக்குப் போனது. "மிஸ், இது மூத்த புள்ளயோட பத்திரம். அது செத்துப்போச்சுங்க. உள்ள இருக்கறது சின்னது, பதினஞ்சுதாங்க ஆவுது." செத்துப்போச்சு என்ற சொல்லை இத்தனை வருஷத்தில் சத்தமாகச் சொன்னது இதுதான் முதல் தடவை. எப்போது பிறந்தது என்று ஸுலைஹா கேட்டாள். சொன்னாள். பக்கத்து மேசையிலிருந்த சப்-இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்து, ஊரே மறக்காத நாளாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாளே என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். அவளுக்குப் புரியாது என்ற நினைப்பு. வேறு நாளைச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாரோ? உண்மையே பொய் மாதிரி இருந்தால் அவள் என்ன செய்வாள்? ஸுலைஹா சிரிக்கவில்லை. "பல்லு, எலும்பு பாத்து டொக்டர் வயசு செல்லுவாரு. அதுவரைக்கும் சின்னப் புள்ள எண்டே எழுதுறேன், பெரியாக்களோட போகாது. ஆனா ஒண்டு, ஆள் மாத்திப் பத்திரம் காட்டின கேஸ் ஒங்கட தலையில வரும், வெளங்குதா?" வரட்டும். அவள் தலையில் எது வந்தால் என்ன, பிள்ளை தப்பினாளே. ஒரு வேலையை ஒழுங்காகச் செய்து முடித்த மாதிரி, வெட்கமில்லாமல் ஒரு சந்தோஷம்கூட வந்தது.

உள்ளே போக ஐந்து நிமிஷம் விட்டார்கள். தர்மிளா சுவரோடு ஒட்டி நின்றாள், கதவு திறந்துதான் இருந்தது, எல்லாம் கேட்டிருக்கும். அக்காவைப் பற்றிக் கேட்பாள், பேரைப் பற்றிக் கேட்பாள், என்ன சொல்வது என்று இலட்சுமி யோசித்து வைத்துக்கொண்டே போனாள். "பயப்படாதம்மா, சின்னப் புள்ளன்னு சொல்லிட்டேன், ஒன்னய பெரியவங்களோட போட மாட்டாங்க." பிள்ளை அவள் முகத்தையே பார்த்தாள், அழவில்லை. "எல்லாரும் எங்க ஒளிச்சன்னுதான் கேட்டாங்க. நீயாச்சும் எடுத்தியான்னு ஒரு வார்த்த கேட்டியாம்மா?" கேட்டாளா? நேற்று சேதி வந்ததிலிருந்து பத்திரம், வயது, வாகனம், மறியல்... எல்லாவற்றையும் நினைத்தாளே, இதை ஏன் நினைக்கவில்லை? மறந்துதான் போனாளா, இல்லை, நோனாவைப் போல, மேசையில் சிரித்தவரைப் போல, அவளும் முதலிலேயே... இப்போது கேட்டுவிடலாம், வாயைத் திறந்தாள், எடுக்கவில்லை என்று பிள்ளை சொன்னால் தான் அதை நம்புவாளா என்று அவளுக்குத் தெரியவில்லை.