குனிய மறுத்த காகித மனிதன்

அக்கா வீட்டுச் சுவரின் பச்சை நிறத்தைத் தம்பி கிண்டலடித்ததில் இருவருக்கும் ஆறு மாதமாகப் பேச்சில்லை. சமாதானத்துக்காக, வாழ்த்து அட்டை வடிவமைக்கும் தம்பி ஒரு காடே அழியுமளவு காகிதம் வெட்டினார். அட்டையைத் திறந்தால் குட்டி மனிதன் எழுவான். ஓரத்துப் பட்டையை இழுத்தால் குனிந்து மன்னிப்புக் கேட்பான்.

தம்பி கொண்டுவந்து நீட்டியதும், அக்கா வாசலிலேயே நின்று பட்டையை இழுத்தாள். அவனோ மூக்கை வானத்துக்குத் தூக்கி விறைத்தான். பட்டையை இடுப்பு மூட்டுக்கு மேலே ஒட்டாமல் கீழே ஒட்டியிருந்தார்! பதறிய தம்பி அட்டையைப் பிடுங்கக் கை நீட்டினார்.

அக்கா மறுபடி இழுத்தாள்.

"அடேய், அப்படியே நீதான்டா!" என்று தெரு அதிரச் சிரித்தாள். "இதச் சரிபண்ணித் தொலைக்காத. உள்ள வா."

ஆறு மாத மூச்சை அவர் மொத்தமாக விட்டதில் எதிர்வீட்டுத் திரைச்சீலை ஆடியது.